கௌண்டர்டெனர் பாட்டு: எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஐந்தாறு பேர் கூடிப் பாட்டுக் கேட்பது வழக்கம். பெரும்பாலும் பழைய கச்சேரிப் பதிவுகள். நடுவே நான் 18ஆம் நூற்றாண்டு ஓப்பரா பாட்டு ஒன்றை நுழைத்துவிடுவேன். பாடுபவர் கௌண்டர்டெனராக இருப்பார். உடனே கேள்விகள் கிளம்பும். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் மேலிருந்தே படித்துவிடுங்கள்.

"சார், பாடுறது நிஜமாவே ஆம்பளைதானா?"

ஆமாம். எனக்கும் முதல் தடவை இதே சந்தேகம்தான். பஸ்ஸில் இயர்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். திரையில் ஆண் பெயர், காதில் பெண் குரல். பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அடுத்த பாட்டுக்குப் போனேன். அதிலும் அதே குரல்.

கௌண்டர்டெனர் என்பவர் வயதுக்கு வந்து குரல் உடைந்த, சாதாரண ஆண். பேசினால் பலருக்கு நல்ல கனத்த குரல். பாடும்போது மட்டும் பெண்களில் தாழ்ந்த குரல் உள்ளவர்கள் பாடும் இடத்தில் பாடுவார். சிலர் அதற்கும் மேலே போவார்கள். நாம் பேசும்போது குரல்நாண்கள் தடிமனாக, முழுசாக அதிர்கின்றன. அவற்றை இழுத்து மெலிதாக்கினால் ஓரங்கள் மட்டும் அதிரும், சுருதி மேலே ஏறும். யாரையாவது கிண்டல் செய்யக் கீச்சுக் குரலில் பேசுகிறோமே, அதே வழிதான். அந்தக் குரலைப் பத்து வருடம் சாதகம் செய்து பழக்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தப் பதிவுகளில் கேட்கிறோம்.

"அப்ப இது கள்ளக்குரல்தானே? எங்க பாட்டு வாத்தியார் இருந்தா எழுந்து போயிருப்பார்."

கள்ளக்குரல்தான். ஆனால் வாத்தியார் திட்டுவதற்குக் காரணம் வேறு. மேல் ஸ்தாயியில் எட்டாத ஒரு இடத்தை எட்டுவதற்காகப் பாடகர் சட்டென்று குரலை மெலித்துவிடுவார். அதுவரை ஒருவர் பாடியது போலவும் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் பாடியது போலவும் இருக்கும். கௌண்டர்டெனர் நடுவில் இப்படி ஒளிந்துகொள்வதில்லை. அவர் குடியிருப்பதே அந்தக் குரலில்தான். அதில் வல்லினம், மெல்லினம், பிர்கா, கார்வை எல்லாம் செய்கிறார்.

அவருக்குச் சிக்கல் கீழே. இறங்க இறங்க அந்தக் குரலில் சத்து குறையும். ஓரிடத்தில் மார்புக் குரலுக்கு மாறியாக வேண்டும். தையல் தெரியாமல் மாறுகிறவர்கள் உண்டு. தெரிந்தால் தெரியட்டும் என்று பாய்கிறவர்களும் உண்டு. அர்ஜென்டினாக்காரர் ஃபிராங்கோ ஃபாஜோலி இரண்டாவது வகை. மேலே சலங்கை மாதிரி ஓடிக்கொண்டிருப்பவர் திடீரென்று அடித்தொண்டைக்கு விழுந்து எழுவார். எனக்கு அது பிடிக்கும். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஆகாது.

"ஜூலியஸ் சீசர் வேஷத்துக்கு எதுக்கு இந்தக் குரல்? சிங்கம் மாதிரி கர்ஜிக்க வேண்டாமா?"

1724இல் லண்டனில் இசையமைப்பாளர் ஹேண்டலின் 'ஜூலியோ சேசரே' (ஜூலியஸ் சீசர்) ஓப்பரா அரங்கேறியபோது சீசராகப் பாடியவர் செனெசினோ. காஸ்ட்ராட்டோ; அதைப் பற்றி அடுத்த பதிலில். அந்தக் காலத்து இத்தாலிய ஓப்பராவில் நாயகன் என்றால் குரல் மேலே இருக்க வேண்டும். இளமை, வீரம், ராஜகளை எல்லாம் மேல் ஸ்தாயியில்தான். கனத்த குரல் தகப்பன், மந்திரவாதி, அடியாள் போன்ற வேஷங்களுக்குப் போகும். மேல் குரல் என்றால் பெண்மை என்ற கணக்கு பிற்பாடு வந்தது.

நமக்கு இது அவ்வளவு புதிதும் இல்லை. நாடக மேடையில் ராஜபார்ட் போட்ட கிட்டப்பா உச்ச ஸ்தாயியில் பாடித்தான் ஊரைக் கட்டிப்போட்டார். அவர் முழுக்குரலில் பாடினார் என்பது வேறு விஷயம்.

"காஸ்ட்ராட்டோன்னா... நான் நினைக்கிறதுதானா? இவங்களும் அப்படியா?"

நீங்கள் நினைப்பதுதான். இன்றைய கௌண்டர்டெனர்கள் அப்படி இல்லை. முதல் பதிலைப் பாருங்கள்.

இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, நன்றாகப் பாடும் சிறுவர்களுக்குக் குரல் உடைவதற்கு முன்பே விதை நீக்கம் செய்தார்கள். குரல்வளை சிறிதாகவே நின்றுவிடும். மார்புக்கூடு மட்டும் வளரும். சிறுவனின் குரல்நாணும் பெரியவரின் நுரையீரலும் ஒரே உடம்பில். மேலே பல வருடக் கடும் பயிற்சி. நேப்பிள்ஸின் இசைப்பள்ளிகள் இதற்குப் பேர் போனவை. தேவாலயத்தில் பெண்கள் பாடக்கூடாது. போப்பின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர்களில் மேடையிலும் பெண்கள் ஏறக்கூடாது. அந்த இடத்தை இவர்களைக் கொண்டு நிரப்பினார்கள். ஃபாரினெல்லி, கஃபரெல்லி, கரெஸ்தீனி என்று சில பெயர்கள் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கத்திக்குக் கொடுத்துவிட்டுப் பாட்டும் வராமல் போன பையன்களின் பெயர்கள் வரவில்லை. பாட்டை ரசித்துக்கொண்டிருக்கும்போதே இது நெஞ்சில் உறுத்தும். உறுத்தட்டும்.

"அந்த நிஜக் குரல் எந்த ரெக்கார்டிலாவது இருக்கா?"

ஒரே ஒருவருடையது இருக்கிறது. வாடிகனின் சிஸ்டைன் தேவாலயக் குழுவில் பாடிய அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி. 1902இலும் 1904இலும் ரோமில் பதிவு செய்தார்கள். அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. மைக் கிடையாது, தகரக் குழாய்க்குள் பாட வேண்டும். பாடியது பெரும்பாலும் தேவாலயப் பாட்டு. விசும்பி விசும்பி எடுக்கும் அந்தப் பாணி அந்தத் தலைமுறையுடையது.

ஒரு முறை கேளுங்கள், ஆனால் அதை வைத்து ஃபாரினெல்லியை எடை போடாதீர்கள். ஃபாரினெல்லி இறந்தது 1782இல். இரண்டுக்கும் நடுவே 120 வருடம் ஓடிவிட்டது.

"ஃபாரினெல்லி படத்தில் வர்ற குரல் யாருது? அதே மாதிரி பாடுறவங்க பெயர் சொல்லுங்க, மிச்சத்தை நான் தேடிக்கறேன்."

தேட முடியாது. 1994இல் வந்த அந்தப் படத்துக்காகக் கௌண்டர்டெனர் டெரெக் லீ ரேகின், சொப்ரானோ (பெண்களில் மேல் குரல்) எவா மவாஸ்-கோட்லெவ்ஸ்கா இருவரையும் பாட வைத்து, பாரிஸில் உள்ள இர்காம் ஆய்வுக்கூடத்தில் இரண்டு குரலையும் கணினியில் இழைத்து ஒன்றாக்கினார்கள். அந்தத் தொண்டை உலகத்தில் யாருக்கும் இல்லை.

ஃபாரினெல்லிக்காக எழுதிய பாட்டுகள் வேண்டுமென்றால் இருக்கின்றன. அவருடைய குரு நிக்கோலா போர்போரா எழுதியவற்றைப் பிரெஞ்சுக்காரர் பிலிப் ஜரூஸ்கி 2013இல் தனி ஆல்பமாகப் பாடியிருக்கிறார். அதில் 'ஆல்தோ ஜோவே' என்ற மெதுவான பாட்டை மட்டும் இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். 1735இல் லண்டனில் 'பொலிஃபேமோ' ஓப்பராவில் ஃபாரினெல்லி பாடியது. வேகமான பாட்டில் வித்தையைக் காட்டலாம். இதில் மூச்சைத் தவிர ஒளிந்துகொள்ள இடமில்லை.

"அண்ணா, எதில் ஆரம்பிக்கலாம்? சின்னதா, பயமுறுத்தாததா."

ஹேண்டலின் 'ஓம்ப்ரா மாய் ஃபூ'. மூன்று நிமிடம். பாரசீக ராஜா செர்சே ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு, இந்த நிழலைப் போல இனிய நிழல் எந்தச் செடிகொடிக்கும் இருந்ததில்லை என்று பாடுகிறான். அவ்வளவுதான் பாட்டு. மரம் வேறெதுவும் இல்லை, காஷ்மீரில் பார்க்கும் சினார்தான். வயலின்கள் நிதானமாக முன்னுரை வாசித்து முடிக்கும்போது, 'ஓம்' என்ற முதல் அசையில் குரல் நுழைந்து அப்படியே நிற்கும். அந்தக் கார்வையைக் கவனியுங்கள். நல்ல பாடகர் அதை ஊசி முனையாகத் தொடங்கி, விரித்து, மறுபடி சுருக்குவார். ஜெர்மானியர் ஆந்திரியாஸ் ஷோல் 1999 வாக்கில் வெளியிட்ட பதிவில், குரல் எப்போது வந்தது என்றே தெரியாது. கஃபரெல்லிக்காக எழுதிய பாட்டு. 1738இல் ஓப்பரா ஐந்து முறை மேடையேறியதோடு படுத்துவிட்டது. பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டு, பின்னாளில் கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் வாத்தியத்தில் வாசிக்கும் மெட்டாகிவிட்டது.

அடுத்தது, சீசர் பாடும் 'வா தாச்சித்தோ'. எகிப்தின் அரசன் தொலொமேயோ, சீசரைக் குளிர்விக்க அவருடைய எதிரி பாம்ப்பேயின் தலையை வெட்டி அனுப்பியிருக்கிறான். இப்போது அவனுடைய அரண்மனையிலேயே இருவரும் எதிரெதிரே சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். தந்திரமான வேட்டைக்காரன் ஓசைப்படாமல் ஒளிந்து போவான் என்கிறது பாட்டு. கூடவே ஒரு கொம்பு வாத்தியம் குரலைப் பின்தொடரும். அந்தக் காலத்துக் கொம்பில் விசை எதுவும் கிடையாது; உதட்டாலேயே ஸ்வரம் பிடிக்க வேண்டும். வாசிப்பவருக்கு எங்கே பிசகுமோ என்று நமக்குக் கொஞ்சம் பதற்றமாக இருக்கும். காட்சிக்கு அந்தப் பதற்றமும் பொருத்தம்தான்.

மூன்றாவது, விவால்டியின் 'வெத்ரோ கோன் மியோ திலெத்தோ'. 1724இல் ரோமில் அரங்கேறிய 'ஜியுஸ்தீனோ'வில் வருவது. 2017இல் பிரான்ஸின் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் வானொலிக்காகப் போலந்துக்காரர் யாக்கூப் யூசெஃப் ஓர்லின்ஸ்கி இதைப் பியானோவோடு பாடினார். அரைக்கால் சட்டை, சாதாரண ஷூ. அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. இவர் பிரேக் டான்ஸ் ஆடுபவரும்கூட. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாடி ஆடியவர் இவர்தான். பாட்டைக் கேட்கும் முன் அந்த வீடியோவைப் பார்த்தால் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

"ஒரே நாலு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுறாங்களே, கதை நகரவே நகராதா?"

கதை நகர்வது நடுவில் வரும் பேச்சு மாதிரியான பகுதிகளில். பாட்டு வந்தால் கடிகாரம் நின்றுவிடும். அமைப்பு சுலபம்: முதல் பகுதி, குணம் மாறும் சிறிய இரண்டாம் பகுதி, மறுபடி முதலிலிருந்து. திரும்பி வரும்போது எழுதியது எழுதியபடி பாடினால் அந்தக் காலத்து ரசிகர்கள் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். பாடகர் தன் கற்பனையில் சங்கதி போட வேண்டும். நம் ஊரில் பல்லவியைச் சங்கதி சங்கதியாக வளர்ப்பது நமக்கு அலுக்கிறதா என்ன?

ஆகவே முதல் தடவை மெட்டை மட்டும் மனதில் வாங்குங்கள். மூன்றாம் பகுதியில் அது எங்கெங்கே வளைகிறது என்று பாருங்கள். ஒரு பாடகரை எடை போட எனக்கு அந்தக் கடைசி இரண்டு நிமிடம் போதும். சங்கதி உணர்ச்சியிலிருந்து வருகிறதா, இல்லை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்திருக்கிறாரா என்று தெரிந்துவிடும். 'ஓம்ப்ரா மாய் ஃபூ' இந்த அமைப்பில் இல்லை. அதனால்தான் அது மூன்று நிமிடத்தில் முடிகிறது.

"இத்தாலியன் ஒரு எழுத்து தெரியாது. அர்த்தம் புரியாம எப்படி ரசிக்கிறது?"

தெலுங்கு தெரியாமல் தியாகராஜரைக் கேட்கவில்லையா என்று மடக்கலாம். ஆனால் அது நேர்மையான பதில் ஆகாது. அர்த்தம் தெரிந்தால் இரண்டுமே இன்னும் நன்றாக இருக்கும். ஒரு பாட்டில் இருப்பது நாலிலிருந்து எட்டு வரி. அதை முதலில் படித்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. யார், யாரிடம், எதற்குப் பிறகு பாடுகிறார் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். தேடும்போது ஒரு குறிப்பு: பாட்டின் முதல் வரியே அதன் பெயர்.

"ஒரே பாட்டு ரெண்டு பதிவில் வேற வேற கட்டையில் இருக்கே, எது சரி?"

இரண்டும் சரி. இன்றைய வாத்தியக் குழுக்கள் சுருதி சேர்க்கும் ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைக்கின்றன. பழைய வாத்தியங்களில் பரோக் இசை, அதாவது ஹேண்டல், விவால்டி காலத்து இசை, வாசிப்பவர்கள் பெரும்பாலும் 415இல் வைக்கிறார்கள். ஏறக்குறைய அரைக் கட்டை குறைவு. நரம்புக் கம்பிகளும் தளர்வாக இருப்பதால் மொத்த ஒலியே கொஞ்சம் மங்கலாக, வெதுவெதுப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி மாறியது. 415 என்பது இக்காலத்தில் வசதிக்காக எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு எண்.

"என்கிட்ட இருக்கிற பழைய ரெக்கார்டில் சீசர் அடித்தொண்டையில் பாடுறார். ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. காஸ்ட்ராட்டோக்கள் போன பிறகு இந்த ஓப்பராக்களும் மேடையை விட்டுப் போய்விட்டன. 1920களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அவற்றை மறுபடி எடுத்தபோது, ஒரு தளபதி பெண் குரலில் பாடுவதை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் கனத்த குரல்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். 1966இல் நியூயார்க் சிட்டி ஓப்பராவில் நார்மன் ட்ரீகிள் பாடிய சீசரும் அப்படித்தான். அது பெரிய வெற்றி. கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் குரல் வயலின்களோடு பின்னிப் போக வேண்டிய இடத்தில் அவற்றுக்குக் கீழே தனியாக உருளும்.

"எல்லா கௌண்டர்டெனரும் ஒரே மாதிரிதான் கேட்குது எனக்கு."

முதல் மாதம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரே பாட்டை நாலு பேரிடம் அடுத்தடுத்துக் கேட்டால் பிரிந்துவிடும். முதலில் ஆல்ஃபிரட் டெல்லர். இங்கிலாந்தின் தேவாலயக் குழுக்களில் ஆண்கள் இந்தக் குரலில் பாடும் பழக்கம் அறுபடவே இல்லை. 1943இல் கான்டர்பரியில் அப்படிப் பாடிக்கொண்டிருந்த டெல்லரை இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் கேட்டு வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் கேட்பதெல்லாம் அங்கிருந்து கிளைத்ததுதான். டெல்லர் அதட்டிப் பாட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்வது போல இருக்கும். ஓப்பரா மேடைக்கு அந்தக் குரல் போதாது என்பது என் கட்சி.

ஷோல் உருண்டையான, அசையாத குரல். கோயில் மணியின் பின்னொலி மாதிரி. ஜரூஸ்கி வயலின் வாசித்துவிட்டுப் பாட்டுக்கு வந்தவர். மெல்லிய, வெளிச்சமான குரல், வாக்கியத்தை வில் போடுவது போல இழுப்பார். ஃபாஜோலியைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இவர்களைப் பிரித்துக் கேட்கப் பழகியவருக்கு மற்றவர்களைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

"ஒரு பொண்ணு பாடினா போதாதா? எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"

போதும். ஹேண்டலே அதைத்தான் செய்தார். 'ஜூலியோ சேசரே'யில் பழிவாங்கத் துடிக்கும் இளைஞன் செஸ்தோவின் வேஷத்தை 1724இல் பாடியவர் மார்கரீத்தா துராஸ்தாந்தி என்ற பெண். காஸ்ட்ராட்டோ கிடைக்காவிட்டால் ஹேண்டல் பெண்ணுக்குக் கொடுப்பார். கௌண்டர்டெனரைத் தேடி அலைந்ததில்லை. ஆகவே கௌண்டர்டெனர் பாடினால்தான் அசல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காஸ்ட்ராட்டோவின் குரலுக்கு இரண்டு பேருமே மாற்று ஆட்கள்தான்.

'அரியோதாந்தே'யில் 'ஸ்கெர்சா இன்ஃபிதா' என்ற பாட்டு. காதலி துரோகம் செய்துவிட்டாள் என்று நம்பி, சாகத் துணிந்தவன் பாடுவது. வயலின்கள் அமுக்கி வாசிக்க, அடியில் கம்பிகளை விரலால் சுண்ட, நடுவில் பஸூன் என்ற கனத்த ஊதுகுழல் ஒன்று தனியாக அரற்றிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம். 1735இல் கரெஸ்தீனிக்காக எழுதியது. ஜரூஸ்கியிடமும் இதைக் கேட்டிருக்கிறேன், ஜேனட் பேக்கர் என்ற ஆங்கிலேயப் பாடகியிடமும் கேட்டிருக்கிறேன். எனக்கு பேக்கர்தான். கீழ் ஸ்வரங்களில் அவருக்கு இருக்கும் கசப்பு கௌண்டர்டெனர்களுக்கு எளிதில் வருவதில்லை. காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது. மேடையில் பார்க்கும்போது மட்டும் என் மனசு மாறிவிடும்.

"'லாஷா கியோ பியாங்கா' எனக்குப் பிடிச்ச பாட்டு. அது ஆண் வேஷத்துக்குத்தானே?"

இல்லை. 1711இல் வந்த 'ரினால்தோ'வில் சிறைப்பட்ட நாயகி அல்மிரேனா பாடுவது. மேடையில் பாடியதும் பெண்தான். மேலே சொன்ன படத்தில் கேட்டுவிட்டுப் பலர் ஃபாரினெல்லியின் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரினால்தோ பாடும் பாட்டு வேண்டுமென்றால் 'காரா ஸ்போசா'வைக் கேளுங்கள். மெட்டுக்கு இன்னொரு கதை உண்டு. ஹேண்டல் அதை 1705இல் ஒரு நடன இசையாகவும், 1707இல் வேறு சொற்களோடு ஒரு பாட்டாகவும் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார். தன் வீட்டுச் சாமானைத் தானே திரும்பத் திரும்ப விற்றவர்.

"மொஸார்ட்டில் இதெல்லாம் கிடையாதுல்ல?"

இருக்கிறது. 14 வயதில் மிலானுக்காக எழுதிய 'மித்ரிதாதே'யில் இரண்டு இளவரசர்களும் காஸ்ட்ராட்டோக்கள். 1791இல், சாகப்போகும் வருடத்தில், பிராகில் அரங்கேறிய 'லா கிளெமென்சா தி தீத்தோ'வில் செஸ்தோவும் (ஹேண்டலின் செஸ்தோ இல்லை, இவன் வேறு) அப்படியே. அந்தச் செஸ்தோவின் 'பார்த்தோ' பாட்டில் குரலோடு ஒரு கிளாரினெட் சண்டையும் சமாதானமுமாக வரும். சொப்ரானோ இடத்தில் எழுதிய வேஷம் என்பதால் இன்று பெரும்பாலும் பெண்கள்தான் பாடுகிறார்கள்.

மொஸார்ட்டின் காலமான கிளாசிக்கல் காலத்தில் கௌண்டர்டெனருக்கு அளவெடுத்தது போல அமைந்த வேஷம் இசையமைப்பாளர் குளுக்கின் ஓர்ஃபேயோ. 1762, வியன்னா, முதலில் பாடியவர் ஆல்டோ (சொப்ரானோவுக்குக் கீழே உள்ள குரல்) காஸ்ட்ராட்டோ குவாதாஞி. மனைவியை இரண்டாம் முறை இழந்து பாடும் 'கே ஃபரோ' சோகப் பாட்டு, ஆனால் மெட்டு நம் சங்கராபரணத்தின் மேஜர் ஸ்வரங்களில் நடக்கும். சற்று வேகம் கூடினாலும் இது பொம்மைகள் குதிக்கும் ஆட்டமாகிவிடும் என்ற பொருளில் குளுக்கே எழுதியிருக்கிறார். இரண்டு பதிவுகளைப் போட்டுப் பாருங்கள், அவர் பயந்தது புரியும். பார்சி குடும்ப வழி வந்த அமெரிக்கர் பேஜுன் மேத்தா, குளுக், மொஸார்ட், ஹாஸே போன்றவர்களின் பாட்டுகளை 2013இல் 'கே பூரோ சியேல்' என்ற பெயரில் பாடியிருக்கிறார். பரோக்கிலிருந்து கிளாசிக்கலுக்கு எப்படி மடை மாறியது என்று கேட்க நல்ல தொகுப்பு.

"பிரெஞ்சுக்காரங்க சொல்ற 'ஓத்-கோந்த்ர்' இதுதானா?"

இல்லை, இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குக் காஸ்ட்ராட்டோ பிடிக்காது. அவர்களுடைய நாயகன் ஓத்-கோந்த்ர். மிக மேலே ஏறும் டெனர் (ஆண்களின் இயல்பான மேல் குரல்), பெரும்பாலும் சொந்த முழுக்குரலில் பாடுவது. 1774இல் குளுக் தன் ஓப்பராவைப் பாரிஸுக்குக் கொண்டுபோனபோது, ஓர்ஃபேயோ வேஷத்தை லெக்ரோ என்ற அத்தகைய பாடகருக்காக மாற்றி எழுதினார். கேட்டுப் பிரித்துவிடலாம்: உச்சியில் ஏறும்போது முறுக்கேறினால் டெனர், உச்சியில் இளைப்பாறினால் கௌண்டர்டெனர்.

"சிலர் அட்டையில் 'ஆண் சொப்ரானோ'ன்னு போட்டுக்கறாங்களே, அது விளம்பரமா?"

கொஞ்சம் விளம்பரம், கொஞ்சம் உண்மை. பிரேசிலைச் சேர்ந்த புரூனோ டி சா போன்றவர்கள் ஆல்டோ இடத்தைத் தாண்டி சொப்ரானோ உயரத்திலேயே பாடுகிறார்கள். அமெரிக்கர் மைக்கேல் மனியாச்சி வேறு ரகம்; அவருக்குக் குரல்வளை இயல்பிலேயே முழுசாக வளரவில்லை, ஆகவே அவர் பாடுவது கள்ளக்குரலே இல்லை.

"மைக் இல்லாம ஹாலில் இந்தக் குரல் கடைசி வரிசைக்குக் கேட்குமா?"

நல்ல கேள்வி. பதிவு இந்தக் குரலுக்குச் செல்லம் கொடுக்கும். மைக் உதட்டருகே இருந்தால் மூச்சுக் காற்றுகூட அழகாகிவிடும். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓப்பராவில் ஏறக்குறைய 3,800 இருக்கை. அங்கே அந்த அழகெல்லாம் பாதி வழியிலேயே கரைந்துவிடும். இன்றைய பாடகர்கள் டெல்லர் தலைமுறையைவிடப் பலமாகப் பாடப் பழகியதற்கு அதுவும் ஒரு காரணம். சந்தேகம் இருந்தால் ஸ்டூடியோ ஆல்பத்தோடு அதே பாடகரின் மேடைப் பதிவையும் கேளுங்கள். குரல் திடீரென்று நாலடி பின்னால் போயிருக்கும்.

"ஆல்பம் நாலு பாட்டுக்கு மேல போக முடியல. எனக்கு ரசனை இல்லையா?"

யாராலும் முடியாது. பன்னிரண்டு பாட்டு, அத்தனையும் கோபம், புயல், பிர்கா என்று ஒரு தொகுப்பு வந்தால் அது இலை முழுக்கப் பாயசம் பரிமாறியது போல. அந்தப் பாட்டுகள் மூன்று மணி நேரக் கதைக்குள் அங்கங்கே தூவ எழுதப்பட்டவை. ஒரு நாளைக்கு இரண்டு. ஒன்று மெதுவானது, ஒன்று வேகமானது.

மெதுவானதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். 'அல்சீனா'வில் வரும் 'வெர்தி பிராத்தி'யைக் கரெஸ்தீனி இது தன் தகுதிக்கு ஏற்றதில்லை என்று திருப்பி அனுப்பினாராம். ஹேண்டல் நேரே அவர் வீட்டுக்குப் போய், உனக்கு எது பொருந்தும் என்று எனக்குத் தெரியாதா, பாடாவிட்டால் சல்லிக் காசு கிடையாது என்று கத்தியதாக அந்தக் காலத்து இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி எழுதிவைத்திருக்கிறார். கரெஸ்தீனி பாடினார். ரசிகர்கள் மறுபடி மறுபடி பாடச் சொன்னது அந்தப் பாட்டைத்தான்.

"சரி, தைரியம் வந்தாச்சு. முழு ஓப்பரா ஒண்ணு சொல்லுங்க."

லியோனார்தோ வின்சியின் 'அர்த்தசெர்சே', 2012 பதிவு. ஓவியர் வின்சி இல்லை, இவர் நேப்பிள்ஸ்காரர். 1730இல் ரோமில் அரங்கேறியது. மேலே சொன்ன தடையால் பெண் வேஷங்களும் ஆண்களுக்கே. ஆகவே இந்தப் பதிவில் ஐந்து கௌண்டர்டெனர்கள்: ஜரூஸ்கி, ஃபாஜோலி, செஞ்சிச், பார்னா-சபாதுஸ், மினென்கோ. கூட ஒரே ஒரு டெனர். எல்லாரும் ஒரே மாதிரி கேட்கிறது என்றவருக்கு இதுதான் பரீட்சைத் தாள்.

கதை தொடங்கும்போதே ராஜா செர்சே கொலை செய்யப்பட்டுவிடுகிறான். ஆமாம், சினார் மரத்திடம் உருகினாரே, அதே செர்சே. கொன்றவன் ரத்தம் தோய்ந்த வாளைத் தன் மகன் அர்பாச்சேயின் கையில் கொடுத்துவிடுகிறான். பழி மகன் மேல் விழுகிறது. தகப்பனைக் காட்டிக்கொடுக்காமல் அவன் வாயை மூடிக்கொள்கிறான். எல்லாரும் கைவிட்ட பிறகு தனியாக நின்று பாடுவதுதான் 'வோ சொல்கான்தோ': பாயும் இல்லை, கயிறும் இல்லை, கொடுங்கடலில் போகிறேன், அலை உறுமுகிறது, வானம் இருள்கிறது. ஃபாஜோலி அந்தக் கடலில் மேலும் கீழுமாக விழுந்து எழுவதைக் கேட்டுவிட்டு, அவர் பாய்ச்சல் ஆகாது என்று சொன்ன அந்தப் பாதிப் பேரில் இருவர் கட்சி மாறிவிட்டார்கள். முதல் அங்கம் அதோடு முடிகிறது. அங்கே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போங்கள். மீதி இரண்டு அங்கத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.